சூசைக்கு ஒரு சீட்டி, அந்தோணிக்கு வேறொரு சீட்டி

பாம்பன் தென்கடல் கரையில் நின்றுகொண்டு உங்கள் தாத்தா இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டி அடிப்பார், கடலில் கிடக்கும் ஏழெட்டு வத்தைகளில் (சிறு படகுகளில்) சூசையின் வத்தை மட்டும் திரும்பும், வேறு மாதிரி அடித்தால் அந்தோணியின் வத்தை திரும்பும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்பெயினைச் சேர்ந்த கானரித் தீவில் மலைக்கு மலை சீழ்க்கையிலேயே பேசிக்கொள்பவர்களைக் காணொளியில் பார்த்ததும், "நம் இராமநாதபுரம் கடற்கரையிலும் அப்படி ஒரு சீழ்க்கை மொழி இருந்து அழிந்துவிட்டதா?" என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. தாத்தா அடித்தது மொழியா, குறியா என்பது ஒன்று. தமிழைச் சீழ்க்கையில் பேச முடியுமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு என்னால் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். முதலாவதற்கு விடை உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதை எப்படித் தேடுவது என்று கடைசியில் சொல்கிறேன். நான் இருபத்தாறு ஆண்டுகள் கல்லூரியில் ஒலியியல் கற்பித்தவன், பிறந்தது மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கரையூரில். ஒலியைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். ஊரைப் பற்றிச் சொல்வதில் பாசம் கலந்திருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

குறிக்கும் மொழிக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் விளக்க எனக்கு எப்போதும் உதவியவர் பஸ் நடத்துநர். அவர் ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். தினமும் ஆயிரம் முறை பிசகாமல் நடக்கும் தகவல் தொடர்பு இது. ஆனால், "உச்சிப்புளியில் மீன்கூடையோடு இறங்கவேண்டிய ஆத்தா இன்னும் படியிலேயே நிற்கிறது, பொறு" என்பதை அவரால் விசிலில் சொல்ல முடியாது. வாயைத் திறந்து கத்தத்தான் வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டும் இதே வகைதான். 1 முதல் 11 வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் முன்பே முடிவு செய்துவைத்த ஒரு பொருள். அதில் 11-ஆம் எண் எனக்குப் பிரியமானது: வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். தொடர்பு அறுந்துபோனதைச் சொல்வதற்கும் ஒரு குறியை யோசித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பன்னிரண்டாவதாக ஒரு செய்தி முளைத்தால் கூண்டு கைவிரித்துவிடும். மொழியிடம் அந்தக் குறை கிடையாது. இதுவரை யாரும் சொல்லாத ஒன்றை முதன்முறையாகச் சொல்லி, கேட்பவருக்கு அது புரிந்தால் அது மொழி. சோதனை அவ்வளவுதான்.

கானரித் தீவுகளில் லா கொமேராவில் இருப்பவர்கள் இந்தச் சோதனையில் தேறிவிடுவார்கள். அங்கே அதன் பெயர் சில்போ. ஆனால் காணொளிகள் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் உண்டு: சில்போ தனி மொழி இல்லை. அது ஸ்பானிஷ்தான், வாயால் பேசும் அதே வாக்கியத்தை, அதே சொல் வரிசையில், சீழ்க்கையாக மாற்றி விடுகிறார்கள். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தீவுகளுக்குப் போன பிரெஞ்சுப் பாதிரியார்கள், இங்குள்ளவர்கள் நாக்கே இல்லாதவர்கள்போல உதட்டால் பேசுகிறார்கள் என்று எழுதிவைத்தார்கள். அப்போது அங்கே இருந்தது ஸ்பானிஷ் இல்லை, பழங்குடிகளின் சொந்த மொழி. அந்த மொழி செத்துப்போனது. அதன் சீழ்க்கை ஸ்பானிஷுக்குக் குடிபெயர்ந்தது. எதைப் பேசுகிறார்களோ அதற்கு மாட்டிவிடும் சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1999 முதல் அந்தத் தீவின் பள்ளிகளில் அது கட்டாயப் பாடம், 2009-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. துருக்கியில் கருங்கடலை ஒட்டிய கிரேசுன் மாகாணத்தில் குஷ்கோய் என்று ஒரு மலையூர் இருக்கிறது. பெயருக்கே பறவையூர் என்றுதான் பொருள். அங்கே துருக்கி மொழியைச் சீழ்க்கையில் பேசுவார்கள். செல்போன் வந்தபின் அது தேய்ந்துவருவதால், உடனடியாகக் காக்கவேண்டியவை என்ற பட்டியலில் 2017-இல் யுனெஸ்கோ அதைச் சேர்த்தது. பிரான்சின் பிரனீஸ் மலையில் ஆஸ் என்ற ஊரில் இருந்தது அழிந்தே போய்விட்டது. உலகம் முழுக்க இப்படி எழுபது எண்பது மொழிகளின் சீழ்க்கை வடிவங்கள் பதிவாகியிருக்கின்றன.

இவற்றுள் எனக்குப் பிடித்த சம்பவம் மெக்சிகோவைச் சேர்ந்தது. ஜார்ஜ் கோவன் என்ற மொழியியலாளர் 1948-இல் எழுதியது. மாசதெக் பழங்குடி ஆள் ஒருவர் வீட்டு வாசலில் நிற்கிறார். கீழே பாதையில் வேறொருவர் மக்காச்சோளத் தோகைச் சுமையோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். மேலே நின்றவர் சீழ்க்கை அடிக்கிறார், கீழே இருந்தவர் பதிலுக்கு அடிக்கிறார். நாலைந்து முறை மாறி மாறி நடக்கிறது. சுமைக்காரர் திரும்பி மேலே ஏறி வந்து, வாய் திறக்காமல் சுமையை இறக்குகிறார். இவர் உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்து கொடுக்கிறார். அவர் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். பேரமே முடிந்துவிட்டது, ஒரு வார்த்தை பேசாமல். நம் மீன் ஏலக்காரர்கள் இதைக் கேட்டால் தொழிலையே விட்டுவிடுவார்கள்.

சீழ்க்கையில் எப்படிச் சொல் ஏறுகிறது என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. மாசதெக் போன்ற மொழிகளில் ஒரே அசையை மேலே ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், தாழ்த்திச் சொன்னால் வேறு பொருள். அங்கே அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே சீழ்க்கையாக்கினால் பாதி வேலை முடிந்தது. ஸ்பானிஷ், துருக்கி, தமிழ் மூன்றும் அப்படிப்பட்டவை அல்ல. இங்கே சீழ்க்கை பிடித்துக்கொள்வது உயிரெழுத்தின் நிறத்தை. ஒன்று செய்து பாருங்கள்: குரல் எழுப்பாமல், காதோடு ரகசியம் சொல்வதுபோல மூச்சில் மட்டும் ஈ, ஏ, ஆ, ஓ, ஊ என்று வரிசையாகச் சொல்லுங்கள். குரலே இல்லாதபோதும் ஒரு சுருதி மேலிருந்து படிப்படியாகக் கீழே இறங்குவது காதில் விழும். நாக்கு முன்னால் உயர்ந்து நிற்கும்போது வாய்க்குள் இருக்கும் அறை சிறியது, அதனால் ஈ உச்சத்தில் இருக்கிறது. நாக்கு பின்னால் போய் உதடு குவிந்தால் அறை பெரிதாகிறது, அதனால் ஊ அடியில் இருக்கிறது. கொமேராக்காரரும் குஷ்கோய்க்காரரும் இந்தப் படிக்கட்டில்தான் ஏறி இறங்குகிறார்கள். மெய்யெழுத்துகள் அந்தப் படிகளுக்கு இடையே வரும் வெட்டுகளாகவும் சறுக்கல்களாகவும் தெரியும். இதுவரை சொன்னதில் சந்தேகம் இல்லை. ஆனால் சில்போவில் காது உண்மையில் எத்தனை உயிர்களைப் பிரித்தறிகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சச்சரவு உண்டு. ரமோன் ட்ருஹியோ இரண்டே இரண்டுதான் என்றார். நான்கு வரை பிரிகின்றன என்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் தனிச் சொல்லைவிட முழு வாக்கியம் நன்றாகப் புரிகிறது. விட்ட எழுத்தை இடம் பார்த்து மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. மூளை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது: ஓனுர் குன்துர்குன் குழு 2015-இல் குஷ்கோய்க்காரர்கள் 31 பேரைச் சோதித்தபோது, பேச்சுத் துருக்கியை மூளையின் இடப்பாதி முந்திக்கொண்டு கவனித்தது, சீழ்க்கைத் துருக்கியை இரு பாதிகளும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன என்று கண்டார்கள்.

சீழ்க்கை ஏன் அவ்வளவு தூரம் போகிறது? சாதாரணப் பேச்சுக் குரலின் அடிச்சுருதி நொடிக்கு 100 முதல் 250 அதிர்வு. அதன் மேல் பல சுருதிகள் அடுக்கடுக்காக ஏறி, இருக்கும் பலத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சீழ்க்கை 1,000 முதல் 4,000 வரையிலான அதிர்வுகளுக்குள் ஒற்றைக் கோடாக ஓடுகிறது. மொத்த பலமும் அந்த ஒரு கோட்டில்தான். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அந்த வட்டாரத்தில்தான். காற்றின் இரைச்சலும் அலையின் முழக்கமும் பெரும்பாலும் அதற்குக் கீழே கிடக்கின்றன. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் இழக்கும். ஒரு மீட்டரில் 100 டெசிபெல் இருக்கும் சீட்டி ஒரு கிலோமீட்டரில் 40-க்கு வந்துவிடும், காற்று உறிஞ்சுவது தனிக் கணக்கு. அமைதியான இடத்தில் 40 என்பது கேட்கக்கூடிய அளவுதான். அதனால்தான் மலைப் பள்ளத்தாக்குகளில் இரண்டு மூன்று கிலோமீட்டர் எளிதாகப் போகிறது. கத்திப் பேசினால் சில நூறு மீட்டரிலேயே சொல் சிதைந்து, வெறும் கூச்சல்தான் மிஞ்சும்.

கடலில் கணக்கு வேறு, அது நம் ஆட்களுக்குப் படிக்காமலே தெரியும். காற்றோடு போகும் ஒலி கீழ்நோக்கி வளைந்து நீரை ஒட்டியே ஓடும். எதிர்காற்றில் அது மேலே வளைந்து தலைக்கு மேல் போய்விடும். அரை கிலோமீட்டரில் இருப்பவனுக்குக்கூட எட்டாது. "கச்சானில் கரையிலிருந்து கத்தாதே, காற்று தின்றுவிடும்" என்று என் பெரியம்மா சொல்லுவார். கச்சான் என்பது தென்மேற்குக் காற்று. விடியற்காலையில் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேல் உள்ளது வெதுவெதுப்பாகவும் இருந்தால், ஒலி மீண்டும் மீண்டும் கீழே வளைந்து நம்ப முடியாத தூரம் போகும். பாம்பனுக்கு வடக்கிலும் தெற்கிலும் கடல். வாடைக் காலத்தில் வடகடல் இரையும், தென்கடல் ஓய்ந்திருக்கும். கச்சான் காலத்தில் இது தலைகீழாகும். ஆகவே பாம்பனில் உங்கள் தாத்தா தென்கடலில் சீட்டி அடித்தது எந்த மாதத்தில் என்பதும் முக்கியம்.

தமிழுக்கு வருகிறேன். தமிழைச் சீழ்க்கையில் பேச முடியுமா? முடியும் என்பதே என் முடிவு. சில இடங்களில் ஸ்பானிஷைவிட வசதியாகக்கூட இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் இது செய்து பார்த்துச் சொல்வதல்ல, எழுத்துகளின் இயல்பை வைத்துப் போடும் கணக்கு. நமக்கு வசதியானது குறில், நெடில். படு, பாடு, விடு, வீடு, இவற்றைச் சீழ்க்கை நீளத்திலேயே பிரித்துக் காட்டிவிடும். வலை, விலை என்றால் முதல் எழுத்து நடுவில் நிற்கிறதா உச்சத்தில் நிற்கிறதா என்பது போதும். இன்னொரு வசதி: சீழ்க்கை அடிக்கும்போது குரல்நாண் அதிராது, ஆகவே க-வுக்கும் அதன் மெல்லிய உச்சரிப்புக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும். பல மொழிகளுக்கு இது பெரிய இழப்பு. தமிழுக்கு அது பொருள் மாற்றும் வேறுபாடே இல்லை, எழுத்தில்கூட நாம் அதைக் காட்டுவதில்லை. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. ல, ள, ழ மூன்றும் மோதிக்கொள்ளும். (வாயால் பேசும்போதே மோதுகின்றன, சீழ்க்கையை மட்டும் குறை சொல்வானேன்.) பாடு என்பதும் மாடு என்பதும் வாக்கியத்தின் நடுவே வந்தால், ப-வுக்கு ஒரு வெட்டு விழுவதால் பிரிந்துவிடும். வாக்கியத்தின் முதலில் வந்தால் அந்த வெட்டு அதற்கு முன்னிருக்கும் மௌனத்தில் கரைந்துபோகும். இதற்குச் சீழ்க்கையில் பேசும் பல ஊர்க்காரர்கள் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள்: முதலில் கூப்பிடும் ஆளின் பெயரையோ ஒரு விளியையோ அடித்துவிட்டுத்தான் செய்தியைத் தொடங்குவது.

தமிழர் சீழ்க்கை அறியாதவர்களும் அல்லர். சங்கப் பாட்டில் அதற்கு வீளை என்று பெயர். அகநானூற்றில் இடைக்காடனார் பாட்டு ஒன்றில், நள்ளிரவுத் தூறலில் கோலை ஊன்றித் தனியே நிற்கும் இடையன் நாக்கை மடித்து வீளை விடுகிறான். ஆட்டுக்குட்டிக்காகக் காத்திருந்த குள்ளநரி அதைக் கேட்டு மிரண்டு முள்ளுப் புதருக்குள் ஓடுகிறது. "மடிவிடு வீளை" என்ற தொடரிலேயே செய்முறை அடங்கியிருக்கிறது. ஆனால் அது நரிக்கும் ஆட்டுக்குமான ஒலி. இடையன் இன்னொரு இடையனோடு வீளையில் பேசினான் என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை. இதை எடுத்துக்காட்டி, தமிழருக்குச் சீழ்க்கை மொழி இருந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால், பாட்டை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் கரையில் நான் சிறுவயதில் கேட்டவையும் குறிகள்தான். கரைவலை இழுக்கும்போது கயிற்றின் இரு தலைப்பிலும் இரண்டு கூட்டம் நிற்கும்; இடையே நல்ல தூரம். ஒரு பக்கம் வேகமாக இழுத்து மறுபக்கம் பின்தங்கினால் வலையின் பை போன்ற மடி கோணிக்கொள்ளும், மீன் வெளியே போய்விடும். அதற்கு ஒரு நீண்ட சீட்டி என்றால் நிறுத்து, விட்டு விட்டு அடித்தால் இழு. கேட்காவிட்டால் துண்டை வீசுவார்கள், அதையும் பார்க்காவிட்டால் ஏச்சு. அந்த ஏச்சு எந்தக் காற்றையும் எதிர்த்துப் போகும். பாசி எடுக்கப் போகும் பெண்களில் என் பெரியம்மா விரல் வைத்துச் சீட்டி அடிப்பார். நீரோட்டம் மாறினால் தள்ளிப் போன பெண்களைத் திருப்ப. அதே பெரியம்மா வீட்டுக்குள் நாங்கள் சீட்டி அடித்தால் பாம்பு வரும் என்று அடிப்பார், அதிலும் பெண்பிள்ளை அடித்துவிட்டால் கூடுதலாக இரண்டு. கொமேராவிலும் குஷ்கோயிலும் பெண்களும் அடிக்கிறார்கள். மாசதெக்கில் ஆண்களே அடிப்பார்கள், பெண்களுக்குப் புரியும், ஆனால் அடிக்க மாட்டார்கள். வீட்டுப் பாம்புக்கு அங்கெல்லாம் என்ன வேலை கொடுத்திருக்கிறார்களோ தெரியவில்லை.

ஏன் குறியோடு நின்றுவிட்டோம்? இது என் ஊகம், அவ்வளவே. சீழ்க்கைப் பேச்சு தழைத்த இடங்களில் பெரும்பாலானவை மலை அல்லது அடர்காடு. எதிர்மலையில் இருப்பவன் சீழ்க்கை எட்டும் தூரத்தில் இருக்கிறான், நடந்துபோனால் ஒரு மணி நேரம். மரமோ பாறையோ மறைப்பதால் கையசைத்தாலும் தெரியாது. நம் கரை தட்டை. ஊர் நெருக்கமாக இருக்கிறது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் வத்தைக்குத் துண்டும் கையும் போதும், இரவில் விளக்கு. கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போனவனுக்குச் சீட்டியும் எட்டாது. நடுவில் சீழ்க்கைக்கென்று மிஞ்சும் இடம் மிகக் குறைவு. அங்கே குறிகளே வேலையை முடித்துவிடுகின்றன. விசைப்படகின் எஞ்சின் வந்தபிறகு அந்தக் கொஞ்ச இடமும் போயிற்று. ஆனால் இந்த ஊகத்துக்கு ஒரு முள் உண்டு, அதை மறைக்கக்கூடாது. பேரிங் கடலில் செயின்ட் லாரன்ஸ் தீவின் யூபிக் மக்கள் கடல் வேட்டையில் சீழ்க்கைப் பேச்சைப் பயன்படுத்தியது பதிவாகியிருக்கிறது. ஆகவே கடல் என்பதாலேயே முடியாது என்று சொல்லிவிட முடியாது.

இனி உங்கள் தாத்தா. ஆளுக்கொரு சீட்டி என்று நீங்கள் சொன்னதுதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. மேகாலயாவில் காங்தாங் என்ற காசி பழங்குடியினரின் கிராமத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் தாய் ஒரு தனி மெட்டு அமைத்துத் தருகிறாள். வீட்டில் கூப்பிடக் குறுகிய வடிவம், காட்டில் கூப்பிட நீண்ட வடிவம். அந்த மெட்டுக்கும் அந்தக் குழந்தையின் வழக்கமான பெயருக்கும் ஒலித் தொடர்பு இல்லை. அது இரண்டாவது பெயர், அவ்வளவுதான். செய்திகளில் அதையும் சீழ்க்கை மொழி என்று எழுதிவிடுகிறார்கள். உங்கள் தாத்தாவின் சீட்டி அந்த வகையா, இல்லை பெயரையே சீழ்க்கையாக்கினாரா? இதைக் கண்டுபிடிக்க முடியும். மூச்சில் சொல்லிப் பார்த்த படிக்கட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சூசை என்றால் ஊ அடியில் தொடங்கி, ஐ மேலே வழுக்கி ஏறவேண்டும். அந்தோணி என்றால் நடுவில் தொடங்கி, ஓ-வில் கீழே விழுந்து, கடைசி இ-யில் உச்சிக்குத் தாவவேண்டும். தாத்தாவின் இரண்டு சீட்டிகளும் இந்த வடிவத்தில் இருந்திருந்தால், அவர் தானறியாமல் கொமேராக்காரரின் முதல் படியில் கால் வைத்திருக்கிறார். இரண்டே பெயர் என்பதால் தற்செயலாகவும் பொருந்தலாம். ஐந்தாறு பெயர்கள் கிடைத்தால் நல்லது.

உங்கள் அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ அந்தச் சீட்டி நினைவிருந்தால், காற்று ஓய்ந்த காலையில் செல்போனில் பதிவு செய்யுங்கள். போனை வாய்க்கு நேரே பிடிக்காமல் பக்கவாட்டில் இரண்டடி தள்ளிப் பிடியுங்கள், இல்லையென்றால் பதிவு கிழிந்துவிடும். பிறகு அந்தக் காலத்து ஆள் இன்னொருவரைச் சுவருக்கு அப்பால் நிறுத்தி, யார் பெயர் என்று கேளுங்கள். அதிலும் தேறினால், "நங்கூரத்தை எடுத்துவிட்டு வடக்கே வா" என்று யாரும் இதுவரை சீட்டியில் சொல்லாத ஒன்றை அடிக்கச் சொல்லுங்கள். சுவருக்கு அப்பால் இருப்பவர் விழிப்பார் என்றுதான் நினைக்கிறேன், விழிக்காவிட்டால் எனக்கு உடனே எழுதுங்கள், பஸ் ஏறி வருகிறேன். ஒன்று மட்டும் கவனம்: "தாத்தா சூசையைக் கூப்பிடும்போது சீட்டி கீழிருந்து மேலே போகுமா?" என்று கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "தாத்தா எப்படிக் கூப்பிடுவார், அடித்துக் காட்டுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சும்மா இருங்கள்.